கொரிய நாவல் படிக்கும் செகந்திராபாத் பிள்ளைகளுக்கு

அன்புள்ள தங்கைகளே, தம்பிகளே,

மாரேட்பள்ளியிலும் பத்மாராவ் நகரிலும் மல்காஜ்கிரியிலும் சைனிக்புரியிலும் தமிழ் பேசும் வீடுகளில் வளர்ந்து, ஆங்கிலத்தில் கொரிய நாவல்களை ஒன்று விடாமல் படித்துக்கொண்டிருக்கும் உங்களுக்கு இந்த மடல். தொடர் பார்க்கத் தொடங்கி, பாட்டுக்குப் போய், அங்கிருந்து நாவலுக்கு வந்து சேர்ந்தவர்கள் நீங்கள். 2024 அக்டோபரில் ஹான் காங்குக்கு நோபல் பரிசு என்று அறிவித்தபோது, யார் இந்த அம்மையார் என்று பெரியவர்கள் தேடிக்கொண்டிருந்தார்கள். உங்கள் அலமாரியில் 'தி வெஜிடேரியன்' அதற்கு முன்பே இருந்தது. தமிழிலும் அது சமயவேல் மொழிபெயர்ப்பில் 'மரக்கறி' என்று வந்திருக்கிறது. இந்த வாசிப்பை வெறும் கொரிய மோகம் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. அவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. நல்ல நாவல்களைத்தான் படிக்கிறீர்கள். சரியான காரணத்துக்காகத்தான் படிக்கிறீர்கள்.

அந்தக் காரணத்தை உங்கள் வாயாலேயே கேட்டிருக்கிறேன். "இது அப்படியே எங்க வீடு." மூத்தவன் என்ன படிக்க வேண்டும், பெண் எத்தனை மணிக்குள் வீடு திரும்ப வேண்டும், யார் முதலில் சாப்பிட வேண்டும், எந்தத் துக்கத்தை வெளியே சொல்லக் கூடாது என்றெல்லாம் ஒருவரும் எழுதிவைக்காமலே எல்லோருக்கும் தெரிந்திருக்கிற வீடு. சியோலில் இருக்கும் அந்த வீட்டை உங்களால் எளிதாக அடையாளம் காண முடிகிறது.

ஷின் கியுங்-சூக்கின் 'ப்ளீஸ் லுக் ஆஃப்டர் மாம்' நாவலையே எடுத்துக்கொள்வோம். கொரிய மொழியில் 2008இல் வந்தது. சி-யங் கிம்மின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2011இல் வெளியாகி, அந்த ஆண்டின் மேன் ஆசிய இலக்கியப் பரிசைப் பெற்றது. அந்தப் பரிசு பெற்ற முதல் பெண் எழுத்தாளர் ஷின். பிள்ளைகளைப் பார்க்கக் கிராமத்திலிருந்து வந்த தாயும் தகப்பனும் சியோல் ரயில் நிலையத்தில் சுரங்க ரயில் ஏறப் போகிறார்கள். தகப்பன் வழக்கம்போல் முன்னால் விறுவிறுவென்று நடக்கிறார். அவர் ஏறியதும் கதவு மூடிக்கொள்கிறது. திரும்பிப் பார்த்தால் மனைவி இல்லை. சம்பவம் என்று பார்த்தால் இவ்வளவுதான்.

தேடுவதற்குத் துண்டறிக்கை அடிக்கப் பிள்ளைகள் கூடி உட்காருகிறார்கள். நாவல் தன் வேலையை அங்கேதான் தொடங்குகிறது. அச்சிடக் கொடுக்க அம்மாவின் அண்மைப் படம் ஒன்றுகூட இல்லை. குடும்பப் படம் எடுக்கும்போதெல்லாம் அவள் நழுவிப் போயிருக்கிறாள். பிறந்த ஆண்டு பதிவேட்டில் 1938. உண்மையில் 1936. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதையே பிள்ளைகள் சரியாக உணர்ந்திருக்கவில்லை. மூத்த மகள் ஊரறிந்த எழுத்தாளர். மகள் எழுதிய புத்தகத்தை, தான் ரகசியமாகப் பண உதவி செய்துவந்த அனாதை இல்லத்தில் ஒரு பெண்ணிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாள் அம்மா. அது மகளுக்குத் தெரியாது.

மூத்த மகன் ஹியோங்-சோல் அரசு வழக்கறிஞராக வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. அது நடக்கவில்லை. அடுக்குமாடிக் குடியிருப்புகள் விற்கும் நிறுவனத்தில் நல்ல பதவிக்கு வந்துவிட்டான். ஆனாலும் அம்மா காணாமல் போன பிறகு அவனை அரிப்பது, அவளிடம் சிறுவயதில் கொடுத்துக் காப்பாற்றாமல் விட்ட வாக்குத்தான். இளவயதில் சியோலில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டு, இரவில் அங்கேயே காவல் அறையில் படுத்துக் கிடந்தவனுக்கு ஒரு சான்றிதழ் தேவைப்படுகிறது. கடுங்குளிரில் கிராமத்திலிருந்து ரயிலேறி அதைக் கொண்டுவந்து கொடுக்கிறாள் அம்மா. அன்றிரவு அவளும் அந்த அறையிலேயே தங்குகிறாள். சுவரின் குளிர் மகனைத் தாக்காதபடி தான் சுவரோரம் படுத்துக்கொள்கிறாள். இந்தப் பக்கங்களைப் படித்துவிட்டு உங்களில் எத்தனை பேர் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசியிருப்பீர்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன். பிள்ளைக்காகக் கஷ்டப்பட்ட தாயிடம் பிள்ளை படும் கடன் எப்படி அவனுடைய வாழ்க்கையையே எடுத்துக்கொள்கிறது என்பதை, ஒருவரையும் கெட்டவராக்காமல் ஷின் காட்டிவிடுகிறார். மகளின் பகுதி முழுக்க 'நீ' என்று முன்னிலையில் எழுதப்பட்டிருப்பதால், கேள்வி கேட்கப்படுவது அந்த மகளா, வாசிக்கும் நாமா என்பதே குழம்பிப்போகிறது.

எதிர்பார்ப்பின் சுமை கொரியாவில் சட்டமாகவே இருந்தது. வீட்டுக்குத் தலைவர் ஆண்தான் என்று பதிவேட்டில் எழுதிவைத்த ஹோஜு முறையை அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் 2005இல் அரசியலமைப்புக்கு ஒவ்வாதது என்றது. 2008 ஜனவரியில், ஷின்னின் நாவல் வந்த அதே ஆண்டில், அது ஒழிந்தது. எட்டு ஆண்டு கழித்து சோ நாம்-ஜூ 'கிம் ஜி-யங், பார்ன் 1982' எழுதியபோது, சட்டம் போன பிறகும் வீடு மாறவில்லை என்பதைத்தான் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வாங்கிப் படித்தார்கள். நவம்பரில் நடக்கும் சுனுங் என்னும் கல்லூரி நுழைவுத் தேர்வில், ஆங்கிலத்தைக் காதால் கேட்டு எழுதும் பகுதியின்போது விமானங்கள்கூட ஏறி இறங்காமல் நாடே அடங்கி நிற்கிறது. இங்கே நம் ஊரில் 2019 ஏப்ரலை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தெலங்கானாவில் இன்டர்மீடியட் முடிவுகள் குளறுபடியோடு வெளியானபோது இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். தோற்றதாக அறிவிக்கப்பட்ட அத்தனை பேரின் விடைத்தாள்களையும் கட்டணமின்றி மறுபடி சரிபார்க்க அரசு உத்தரவிட்டது. அதற்குள் அந்த வீடுகளில் காரியம் தொடங்கிவிட்டது. அந்தப் பிள்ளைகளில் சிலர் உங்கள் வயதுக்காரர்கள். உங்களோடு ஒரே பேருந்தில் போனவர்களாகவும் இருக்கலாம். இந்த ஊரில் வளர்ந்தவர்கள் கொரிய நாவலில் தங்களைக் காண்பதில் வியப்பென்ன இருக்கிறது?

ஆனால், அந்த நாவல்களில் நீங்கள் வேகமாகத் தாண்டிப் போகிற பக்கங்கள் சில இருக்கின்றன. இந்த மடலை எழுத உட்கார்ந்தது அதற்காகத்தான்.

கொரிய நாவலில் வரும் அந்த அம்மா, அப்பா, பாட்டி எல்லோரும் ஏன் அப்படி இருக்கிறார்கள்? ஏன் பேசுவதில்லை? பிள்ளைகளின் படிப்பையும் சோற்றையும் ஏன் அவ்வளவு இறுகப் பிடித்துக்கொள்கிறார்கள்? ஷின்னின் அம்மா, போர்க்கால அச்சத்தில் அவசர அவசரமாகக் கட்டிக்கொடுக்கப்பட்டவள். 1945இல் அந்நியர்கள் வரைபடத்தின் மேல் 38ஆவது அட்சக்கோட்டில் ஒரு கோடு போட்டார்கள். 1950 முதல் 1953 வரை நடந்த போர் அந்தக் கோட்டின் இரு பக்கமும் குடும்பங்களைச் சிதறடித்தது. முப்பது ஆண்டு கழித்து, 1983 ஜூன் 30இல், கேபிஎஸ் தொலைக்காட்சி பிரிந்த உறவினர்களைச் சேர்த்துவைக்க ஒரு நேரடி ஒளிபரப்பைத் தொடங்கியது. நிறுத்த முடியவில்லை. 138 நாட்கள் அது நீண்டது. மார்பில் அட்டை மாட்டிக்கொண்டு வந்து நின்றவர்களில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தங்கள் உறவுகளைக் கண்டுபிடித்தார்கள். அந்தப் பதிவுகளை 2015இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. மூத்த மகன் படித்து மேலே வந்தே தீர வேண்டும் என்று ஒரு தாய் சொல்லும்போது அவள் குரலில் இந்தப் போரும் இருக்கிறது. அதைப் படிக்காமல் குடும்பத்தை மட்டும் படித்தால் பாதியைத்தான் படித்திருக்கிறோம்.

இன்னும் ஆழமான காயம் ஜேஜு தீவில். 1948 ஏப்ரல் 3இல் தொடங்கிய கிளர்ச்சியை அரசு நசுக்கியதில் இருபத்தைந்தாயிரம் முதல் முப்பதாயிரம் பேர்வரை கொல்லப்பட்டார்கள் என்பது மதிப்பீடு. முப்பது ஆண்டு அதைப் பற்றி வாய் திறக்க முடியவில்லை. 1978இல் ஹியுன் கி-யங் 'சுனி சம்சோன்' என்ற கதையை எழுதினார். திவசத்துக்காக சியோலிலிருந்து தீவுக்குத் திரும்பும் ஒருவன். அன்றிரவு கிராமத்தில் வீட்டுக்கு வீடு திவசம் நடக்கிறது. எல்லா வீட்டிலும் ஒரே நாளில் இறந்திருக்கிறார்கள். இதை எழுதியதற்காக ஹியுன் கைது செய்யப்பட்டுச் சித்திரவதைக்கு உள்ளானார், புத்தகம் தடைசெய்யப்பட்டது. 2003இல்தான் ஒரு குடியரசுத் தலைவர் மன்னிப்புக் கேட்டார். ஹான் காங்கின் 'வி டூ நாட் பார்ட்' நாவல் இந்த ஜேஜுவைப் பற்றியதுதான். சாதுவான, நோய்ப்பட்ட கிழவி என்று மகள் நினைத்துக்கொண்டிருந்த அம்மா, காணாமல் போன அண்ணனைத் தேடிப் பல பத்தாண்டுகள் ஓயாமல் அலைந்தவள் என்பது அந்த மகளுக்குப் பிறகுதான் தெரியவருகிறது.

1948. இந்த ஆண்டை மறுபடி பாருங்கள்.

அதே ஆண்டு செப்டம்பர் 13இல் இந்தியப் படை நிஜாமின் ஹைதராபாத்துக்குள் நுழைந்தது. 17ஆம் தேதி நிஜாம் பணிந்தார். அதற்கு முந்தைய மாதங்களில் நிஜாம் ஆட்சியைக் காக்கக் கிளம்பிய காசிம் ரஸ்வியின் ரஜாக்கர் படையினர் கிராமங்களில் செய்த கொலைகளுக்கும் கொள்ளைகளுக்கும் அஞ்சிப் பல இந்துக் குடும்பங்கள் ஊரைவிட்டு ஓடின. ராணுவம் வந்த பிறகு பழிவாங்கல் முஸ்லிம்கள் மேல் திரும்பியது. நேரு அனுப்பிய பண்டித சுந்தர்லால் குழு, குறைந்தது 27 ஆயிரம் முதல் 40 ஆயிரம் பேர்வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்று மதிப்பிட்டது. அந்த அறிக்கை பல பத்தாண்டுகள் வெளியே வரவில்லை. நீங்கள் பள்ளியில் படித்த வரலாற்றில் இது எத்தனை வரி இருந்தது?

அந்த நாட்களை ஒரு தமிழர் நாவலாக எழுதியிருக்கிறார். உங்கள் ஊர்க்காரர். பன்னிரண்டாம் வகுப்பில் சிபிஎஸ்இ ஆங்கிலப் பாடநூலில் 'போயட்ஸ் அண்ட் பேன்கேக்ஸ்' படித்தவர்கள் நினைவுபடுத்திப் பாருங்கள்: ஜெமினி ஸ்டூடியோவில் செய்தித்தாள்களைக் கத்தரித்துக் கோப்பில் சேர்க்கும் வேலை பார்த்தவர், அசோகமித்திரன். அவர் 1931 செப்டம்பர் 22இல் செகந்திராபாத்தில் பிறந்தவர் என்பதை உங்களில் பலர் அறிந்திருக்க மாட்டீர்கள். தகப்பனார் ரயில்வேயில் வேலை பார்த்தார். அவர் இறந்த பிறகு, 1952இல், இருபத்தொரு வயதில், தகப்பனாரின் நண்பரும் ஜெமினி ஸ்டூடியோ அதிபருமான எஸ்.எஸ்.வாசன் அழைக்கச் சென்னைக்குப் போனார். அந்த வயதில் தகப்பனை இழந்த பையன் தோளில் ஒரு குடும்பம் எதையெல்லாம் ஏற்றும் என்று கொரிய நாவல் படிக்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போனவர் 2017 மார்ச் 23இல் இறக்கும்வரை சென்னையில்தான் இருந்தார். ஆனால் திரும்பத் திரும்ப எழுதியது இந்த ஊரை. 1996இல் சாகித்திய அகாதமி பரிசு பெற்ற அவருடைய சிறுகதைத் தொகுப்பின் பெயர் 'அப்பாவின் சிநேகிதர்'.

நான் சொன்ன அந்த நாவல், 'பதினெட்டாவது அட்சக்கோடு', 1977இல் வந்தது. ஹியுன் கி-யங் தன் ஜேஜு கதையை எழுதியதற்குச் சரியாக ஓராண்டு முன்னால். இரண்டு பேரும் தங்கள் பதின்பருவத்தையும் குழந்தைப் பருவத்தையும் சிதைத்த ஒரே ஆண்டுக்கு, ஏறக்குறைய ஒரே காலத்தில், ஒருவரை ஒருவர் அறியாமல் திரும்பிப் போயிருக்கிறார்கள்.

நாவலின் சந்திரசேகரன் லான்சர் பாரக்ஸில் ரயில்வே குடியிருப்பில் வளர்கிறான். தெலுங்கர்களும் முஸ்லிம்களும் ஆங்கிலோ இந்தியர்களும் அடுத்தடுத்த வீடுகளில். நிஜாம் கல்லூரியில் படிக்கிறான். அவனுக்குக் கிரிக்கெட் ஆட வேண்டும். சைக்கிளில் சுற்ற வேண்டும். வீட்டில் அவனிடம் எதிர்பார்ப்பது ஒழுங்காகப் படிப்பதும் வம்பில் மாட்டாமல் இருப்பதும். நாடு எது, ராஜா யார், கல்லூரியைப் புறக்கணிக்கலாமா, நேற்றுவரை பக்கத்து வீட்டுக்காரனாக இருந்தவன் இன்று யார் என்ற கேள்விகளெல்லாம் அவன் கேட்காமலே அவன் தலையில் விழுகின்றன. இங்கே பிறந்து வளர்ந்தும் அவன் அரைகுறை வெளியூர்க்காரன். மதராஸ் அவனுக்கு ஊரே கிடையாது. இந்தத் தத்தளிப்பை உங்களைவிட நன்றாகப் புரிந்துகொள்ளக்கூடிய வாசகர் தமிழ்நாட்டில் இல்லை. கதை சில அத்தியாயங்களில் 'நான்' என்றும் சிலவற்றில் 'சந்திரசேகரன்' என்றும் மாறி மாறி நடக்கிறது. ஷின்னின் 'நீ'யைக் கண்டு வியந்தவர்கள் இதையும் கவனியுங்கள்.

முடிவைச் சொல்லிவிடுகிறேன், தெரிந்து படித்தாலும் அதன் வலு குறையாது. ராணுவம் வந்த பிறகான கலவரத்தில் சந்திரசேகரன் ஒரு வீட்டுக்குள் புகுந்துவிடுகிறான். உள்ளே ஒரு முஸ்லிம் குடும்பம் நடுங்கிக்கொண்டிருக்கிறது. கொல்ல வந்தவன் என்று நினைத்துவிட்டார்கள். அவர்களில் ஒரு சிறு பெண் முன்னால் வந்து, தன் குடும்பத்தை விட்டுவிடும்படி கெஞ்சி, உடையைக் களைந்து நிற்கிறாள். அவன் வெளியே ஓடுகிறான். நான் இந்து, நீ முஸ்லிம், நான் தமிழன் என்று இதுவரை அவன் தேடிக்கொண்டிருந்த விடைகள் எல்லாம் அந்த ஒரு கணத்தில் அவனுக்கு அவமானமாகிவிடுகின்றன.

ஷின்னின் நாவலைவிட இதை நான் மேலே வைக்கிறேன். ஷின் சில இடங்களில் நம்மை அழவைத்தே தீருவது என்று முடிவுசெய்துகொண்டு எழுதுகிறார். மகள் வாத்திகனில் மரியன்னையின் சிலை முன் நிற்கும் கடைசிப் பகுதி அப்படிப்பட்டது. அசோகமித்திரன் ஒரு சொல்லைக்கூடக் கூட்டிச் சொல்வதில்லை. ஹான் காங்கின் ஜேஜு நாவலுக்குப் பக்கத்தில் வைக்கத் தகுந்தது இது. உலகம் அதை அப்படி வைக்காததற்கு நாம்தான் காரணம். ஜேஜுவைப் பற்றிக் கொரியர்கள் எழுதினார்கள், படித்தார்கள், தடையை மீறிக் கைக்குக் கை மாற்றினார்கள். நமக்குத் தடைகூட இருக்கவில்லை. செகந்திராபாத்தின் தமிழ் வீடுகளிலேயே இந்த நாவலின் பெயர் தெரியாது.

உங்களில் பெரும்பாலோர் தமிழ் நன்றாகப் பேசுவீர்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படுவீர்கள். பள்ளியில் தெலுங்கும் இந்தியும் படித்தீர்கள். அது உங்கள் குற்றமாகாது. கோமதி நாராயணன் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு இருக்கிறது. அதை வெளியிட்டது ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஓரியண்ட் லாங்மன். அதையே படியுங்கள். ஆனால் தமிழ் படிக்கத் தெரிந்த அம்மாவோ தாத்தாவோ வீட்டில் இருந்தால், தமிழ்ப் புத்தகத்தை அவர்கள் கையில் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். மகளின் எழுத்தை அந்தக் கொரியத் தாய் பிறர் வாயால் கேட்டாள். உங்கள் ஊரின் எழுத்தை உங்கள் பெரியவர்களின் வாயால் நீங்கள் கேட்கலாம். இரண்டு அத்தியாயம் முடிவதற்குள் அவர்கள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுத் தங்கள் கதையைச் சொல்லத் தொடங்குவார்கள்.

அப்போது கேளுங்கள். 1948இல் நம் குடும்பம் எங்கே இருந்தது? ஓடினார்களா, இருந்தார்களா? வீட்டுச் சாவியை யாரிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள்? திரும்பி வந்தபோது பக்கத்து வீட்டில் யார் இருந்தார்கள், யார் இல்லை? தாத்தா எந்த வயதில் படிப்பை விட்டு வேலைக்குப் போனார், யாருக்காக? சென்னைப் பட்டாளத்தோடு கன்டோன்மென்டுக்கு வந்த குடும்பமா, ரயில்வேயில் வந்த குடும்பமா? பிஎச்இஎல், இசிஐஎல் வேலைக்குப் பின்னால் வந்தவர்கள் என்றால் அவர்கள் விட்டுவந்த ஊரில் என்ன நடந்தது? நியாயம் கேட்கும் குரலில் கேட்காதீர்கள். உங்கள்மேல் ஏற்றிவைத்த எதிர்பார்ப்புகள் எங்கிருந்து புறப்பட்டன என்பது இந்தப் பதில்களில் இருக்கும். தெரிந்துகொண்ட பிறகு அவற்றில் எதைச் சுமப்பது, எதை இறக்கிவைப்பது என்பது உங்கள் உரிமை. பெற்றவர்களுக்கும் அந்தப் பேச்சு வேண்டியிருக்கிறது. அவர்களிடம் இதுவரை யாரும் கேட்கவில்லை.

அந்தச் சிறு பெண்ணின் பக்கமிருந்து அந்த நாளை அசோகமித்திரனின் நாவல் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியவர்கள் உங்கள் நண்பர்களின் வீடுகளில் இருக்கிறார்கள். ரம்ஜானுக்கு அந்த வீடுகளில் உட்கார்ந்து ஹலீம் சாப்பிட்டிருக்கிறீர்கள். நட்பு உள்ளவர்கள், அவர்கள் விரும்பினால், அந்தப் பாட்டிகளிடமும் கேளுங்கள், பொறுமையாகக் கேளுங்கள். கேட்டதை உங்களுக்கு வருகிற மொழியில், ஆங்கிலமோ தெலுங்கோ தக்கினியோ, எழுதி வையுங்கள்.

1948 செப்டம்பரில் பத்து வயதாக இருந்தவர்கள் இன்று எண்பத்தைந்தைத் தாண்டிவிட்டார்கள். அடுத்த விடுமுறைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே போய் உட்கார்ந்து கேளுங்கள்.

அன்புடன்,
செகந்திராபாத்திலிருந்து உங்கள் அக்கா ஒருத்தி